பங்கு என்று பேர், பங்கு மட்டும் கிடையாது

ஏழைகளுக்குச் சட்டம் போட்டுக் கஞ்சி ஊற்றிய நாடு இங்கிலாந்து என்று இன்னமும் பாடம் சொல்றாங்க. 1601-ல் எலிசபெத் ராணி காலத்துச் சட்டம் அது. ஊரில் நிலமும் வீடும் உள்ளவர்களிடம் ஏழை வரி வசூலித்து, முடியாதவர்களுக்கு உதவ வேண்டும். நல்ல சட்டம்தானே என்று தோன்றும். கஞ்சி ஊற்றியவன் பதிலுக்கு எதைப் பிடுங்கிக்கொண்டான் என்று கேட்டால்தான் அந்தச் சட்டத்தின் பல் தெரியும்.

இங்கிலாந்தும் வேல்ஸும் சுமார் 15,000 பங்குகளாகப் பிரிந்து கிடந்தன. பங்கு என்றால் ஒரு சர்ச்சும் அதைச் சேர்ந்த ஊர் எல்லையும். ஏழைக்கு உதவி அவனவன் பங்கில்தான். எது அவன் பங்கு? அதைத் தீர்மானிக்க வந்தது 1662 குடியிருப்புச் சட்டம். வெளியூரான் ஒருத்தன் வருஷத்துக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் குடியேறினால், 40 நாளுக்குள் ஊர் மேற்பார்வையாளர் புகார் கொடுக்கலாம். இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கையெழுத்துப் போட்டால் அவனைத் துரத்திவிடலாம். 10 பவுண்டு வாடகை கூலிக்காரனுக்குக் கனவிலும் எட்டாத தொகை. அவன் யாரிடமும் கையேந்தியிருக்க வேண்டியதில்லை. நாளைக்கு ஏந்துவான் என்ற சந்தேகமே போதும்!

கல்யாணமாகாத கூலியாள் ஒரே ஊரில் ஒரு முழு வருஷத்துக்கு அமர்த்தப்பட்டு வேலை செய்தால் அங்கே உரிமை உண்டு என்று 1691 சட்டம் சொன்னது. பண்ணைக்காரர்கள் என்ன செய்தார்கள்? 51 வாரத்துக்கு மட்டும் ஆள் அமர்த்தினார்கள். ஒரு வாரம் குறைந்தது, ஆயுசுக்குமான உரிமை போச்சு. ஒரே நிலப்பிரபுவின் கையிலிருந்த ஊர்களில் குடிசைகளையே இடித்துத் தள்ளினார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கூலிகள் நடந்து வந்து உழைத்துவிட்டு, இருட்டியதும் நடந்தே திரும்ப வேண்டும். உழைப்பு வேணும், உழைக்கிறவன் வேணாம்.

உதவி வாங்கினவன் கதி என்ன? 1697 சட்டப்படி அவனும் பெண்டாட்டி பிள்ளைகளும் வலது தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் அடையாளம் தைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சை என்பதற்கு ஓர் எழுத்து, பங்கின் பெயருக்கு ஓர் எழுத்து. மறுத்தால் உதவி நிறுத்தம், அல்லது சவுக்கடியோடு சிறை. எல்லா ஊரிலும் இதைக் கட்டாயமாக நடத்தவில்லை. ஆனாலும் 1810 வரை இது சட்டம்.

பெண்களின் கதை இன்னும் கொடுமை. கல்யாணமாகாமல் பிறந்த குழந்தைக்குப் பிறந்த இடம்தான் பங்கு. அதனால் பிரசவ வலி எடுப்பதற்கு முன்பே கர்ப்பிணியை எல்லை தாண்டித் தள்ளிவிடத் துடித்தார்கள். இல்லையென்றால் வேற்றூர் ஆண் ஒருத்தனுக்குக் கட்டி வைத்துவிட வேண்டும். மனைவியின் பங்கு புருஷனின் பங்காகிவிடும், செலவு அந்த ஊருக்குப் போய்விடும். தகப்பன் என்று அவள் பெயர் சொன்னவனைப் பிடித்துச் சிறையில் போட 1733 சட்டம் கை கொடுத்தது. நார்ஃபோக் பாதிரியார் ஜேம்ஸ் வுட்ஃபோர்ட் 1787-ல் அப்படி ஒரு கல்யாணத்தை நடத்திவைத்தார். மாப்பிள்ளை சர்ச் வாசலில் நெடுநேரம் மசியாமல் நின்றதையும், சட்டம் இப்படிக் கட்டாயப்படுத்துவது கொடுமை என்பதையும் அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எழுதினார், தாலியும் கட்டவைத்தார் என்று நம் பாஷையில் சொல்லலாம்.

1795-ல் ரொட்டி விலை ஏறியது. பெர்க்ஷயர் மாஜிஸ்திரேட்டுகள் ஸ்பீன்ஹாம்லாந்து என்ற ஊரில் ஒரு சத்திரத்தில் கூடினார்கள். கூலியை நிர்ணயிக்கப் பழைய சட்டம் கையிலிருந்தது, ஆனால் அதைத் தொடவில்லை. கூட்டிக் கொடுங்கள் என்று பண்ணையார்களுக்குச் சிபாரிசு மட்டும் செய்துவிட்டு, ரொட்டி விலைக்கு ஏற்ப ஏழை வரியிலிருந்து படி அளக்க முடிவு செய்தார்கள். பலன் யாருக்கு? கூலியைக் குறைவாகவே வைத்துக்கொண்ட பண்ணையாருக்குத்தான். குறைந்தபட்சக் கூலிக்காக சாமுவேல் விட்பிரெட் கொண்டுவந்த மசோதாவைப் பிரதமர் பிட் எதிர்க்க, 1796-ல் நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. படி அளக்கலாம், கூலி கேட்கக் கூடாது!

'என்ன இருந்தாலும் உதவி கேட்க ஏழைக்குச் சட்டப்படி ஓர் இடம் இருந்ததே' என்பார்கள் சில வரலாற்று ஆசிரியர்கள். இருந்ததுதான். மேற்பார்வையாளர் விரட்டியபோது மாஜிஸ்திரேட் வரை போய் முறையிட்டார்கள், மன்றாடியும் மிரட்டியும் கடிதம் எழுதினார்கள். அந்த உரிமை அவர்கள் மல்லுக்கட்டிப் பிடித்துக்கொண்டது, மேலே உள்ளவர்களின் கருணை அல்ல. சட்டம் தந்ததெல்லாம் கட்டுத்தறியின் நீளத்துக்குள் மேய அனுமதி.

1795-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். இனி நிஜமாகவே உதவி கேட்டால்தான் துரத்தலாம் என்றார்கள். கல்யாணமாகாத கர்ப்பிணிக்கு மட்டும் அந்தத் தளர்வு கிடையாது. 1834-ல் வந்த புதுச் சட்டம், திடகாத்திரமானவர்களுக்கு உதவி வேண்டுமென்றால் வேலைக்கூடத்துக்குள் வா என்றது.

அன்றைய ஏழைகளின் வாழ்க்கை இன்று ஆவணக் காப்பகங்களில் கிடைக்கிறது. எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எத்தனை நாள் தங்கினாய் என்று சத்தியம் வாங்கி எழுதிய விசாரணைத் தாள்கள் அவை. ஒரு கூலிக்காரனின் வாழ்க்கையை அதிகாரம் அவ்வளவு அக்கறையாகக் கேட்டு எழுதியது, அவனை எந்த ஊருக்குத் துரத்துவது என்று தெரிந்துகொள்ளத்தான். தருமத்தின் வரலாறு என்று அந்தத் தாள்களை எவன் காட்டினாலும், கடைசியில் கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்று பாருங்கள்.