பொத்தானை அமத்தும் திறப்பே போதும்

பிரான்சில் கார் ரிமோட்டை ஏன் 'பிளிப்' என்கிறோம்? அது சத்தத்தை வைத்து வந்த பெயர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது போல் லிப்சுட்ஸ் என்ற கண்டுபிடிப்பாளரின் பெயரிலிருந்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் ரெனோ ஃபுவேகோ காரில் அவருடைய பிளிப் வந்தது. அன்று அது டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்தது. இன்று ஐரோப்பாவில் பெரும்பாலும் 433 மெகாஹேர்ட்ஸ் வானலையில் வேலை செய்கிறது.

நீங்கள் பொத்தானை அமத்தும் ஒவ்வொரு முறையும் திறப்பு ஒரு புதிய குறியீட்டை அனுப்பும். காரும் அதே கணக்கை வைத்திருக்கும். ஒருமுறை பயன்பட்ட குறியீட்டை அது திரும்ப ஏற்காது. ஆகவே ஸ்டாலின்கிராட் மெற்றோப் பாலத்தடியில் யாராவது உங்கள் குறியீட்டைப் பதிவு செய்து, பிறகு அதையே திருப்பி அனுப்பினாலும் கதவு திறக்காது. வீட்டில் தம்பி பிளிப்பை வைத்து விளையாடி எண்ணிக்கை கொஞ்சம் முன்னே போனாலும் கார் சமாளித்துக்கொள்ளும்.

இப்போது 'மேன் லிப்ர்' வந்துவிட்டது. திறப்பு சட்டைப்பைக்குள் இருந்தாலே போதும், கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும். கார் மெல்லிய அலையில் "பக்கத்தில் இருக்கிறாயா?" என்று கேட்கும், திறப்பு "இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். இங்கேதான் சிக்கல். இரண்டு கள்ளர் போதும். ஒருவர் காருக்குப் பக்கத்தில், மற்றவர் உங்கள் வீட்டுக் கதவடியில். கையிலுள்ள கருவிகளால் கேள்வியையும் பதிலையும் கடத்துவார்கள். குறியீட்டை உடைக்க வேண்டியதே இல்லை. 2011இல் சூரிச் ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாடல்களைச் சோதித்தார்கள். பத்திலும் இந்த வழி வேலை செய்தது.

என் கருத்து இதுதான்: பூட்டு சொந்தக்காரர் சொன்னால் மட்டுமே திறக்க வேண்டும். பொத்தானை அமத்துவது நாங்கள் சொல்வது. திறப்பு பக்கத்தில் இருப்பது நாங்கள் சொன்னதாகாது. புதிய கார்கள் சிலவற்றில் அலை வந்துபோகும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கிறார்கள்; சில திறப்புகள் அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும். நல்லதுதான். ஆனால் வீதியில் நிற்கும் பழைய கார்களுக்கு அது உதவாது. இந்த வசதியைக் கேட்பவருக்கு மட்டும் போட்டுக் கொடுக்கட்டும். கேளாதவரின் காரில் அது நிறுத்தியே இருக்கட்டும்.

இது ஏன் உங்களுக்கு? எங்கள் வீடுகளில் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவது நாங்கள்தானே. கண்ணாடி உடையாமல், பூட்டுச் சேதமாகாமல் கார் போனால், களவுதான் என்று காப்புறுதிக்குக் காட்டுவது அப்பாவுக்குக் கஷ்டமாகலாம். லா சப்பல் கடைக்குச் சாமான் ஏற்றும் வான் என்றால் அடுத்த நாள் பிழைப்பே நின்றுவிடும். ஒப்பந்தத்தில் களவு பற்றிய பகுதியை இன்றே வாசியுங்கள். கார் மெனுவில் 'மேன் லிப்ர்' நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். முடியாவிட்டால், இரவில் திறப்பை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, கதவிலிருந்து தள்ளி வையுங்கள். அம்மாவின் பழைய பிஸ்கட் டின் போதும். ஆனால் அதில் அலை தடைப்படுகிறதா என்று காருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒருக்கால் சோதித்துப் பாருங்கள்.