ஜிம்முக்குப் போக வெட்கமா இருக்கா? இதைப் படிங்க

"டாக்டர், ஜிம்முக்குப் போக வெட்கமா இருக்கு."

சுகர் ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு இதைச் சொல்றவங்களுக்கு வயசு பெரும்பாலும் 30-ல இருந்து 45-க்குள்ள. ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி பக்கம் இருந்து வர்றவங்க. சிலருக்கு சிப்காட்டில் வேலை. சிலருக்கு பார்டர் தாண்டி தடா, ஸ்ரீசிட்டி.

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே படிங்க. டீயில் சர்க்கரை மட்டும் கம்மியா.

முதல்ல எங்க பக்கத்துக் குறையைச் சொல்லிடறேன். "தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்க, இல்லன்னா ஜிம்மில் சேருங்க" என்று டாக்டர்கள் இரண்டு வரியில் சொல்லி அனுப்பிடறோம். அண்ணா நகர் பூங்கா பக்கத்துல வீடு இருக்கிறவருக்கு அது சரியான அறிவுரை. ஆரம்பாக்கத்தில் இருந்து ஷிப்ட் வேலைக்குப் போறவருக்கு அது அறிவுரையே இல்ல.

அவரோட நாளை எண்ணிப் பாருங்க. காலை 6 மணி ஷிப்ட் என்றால் கம்பெனி பஸ்ஸுக்காக 5 மணிக்கே ரோட்டுல நிக்கணும். எட்டு மணி நேர வேலை, அதுக்கு மேல ஓ.டி. பஸ்ஸில் திரும்பி, குளிச்சு, சாப்பிட்டா பொழுது போயிடுச்சு. அடுத்த வாரம் நைட் ஷிப்ட். மொத்த டைம்டேபிளும் தலைகீழ்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் நம்ம சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். நல்ல விஷயம். ஆனா பயணத்தையும் ஓ.டி.யையும் கூட்டினா நிறைய பேருக்கு நாள் இப்பவே 12 மணி நேரம்தான். "நேரம் இல்ல"ன்னு அவர் சொல்லும்போது அதைச் சாக்குன்னு நான் நினைக்கிறதில்ல.

இன்னொரு பதிலும் அடிக்கடி வரும். "நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறேன் டாக்டர். அதுவே எக்சர்சைஸ்தானே?"

நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் கொஞ்சம் சிக்கலானது.

1953-ல் ஜெரி மாரிஸ் என்கிற பிரிட்டிஷ் ஆய்வாளர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பத்தி லான்செட்டில் எழுதினார். டிரைவர் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டபுள் டெக்கர் பஸ்ஸில் மேலயும் கீழயும் ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பார். டிரைவர்களைவிட கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. பிறகு யூனிஃபார்ம் அளவுகளைப் பார்த்தா, டிரைவர்களோட பேன்ட் இடுப்பு அளவுதான் பெரிசு. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு அறிவியலில் சூடு பிடிச்சது அங்கிருந்துதான்.

ஆனா 2021-ல் டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களைத் தொடர்ந்து கவனிச்சு ஒரு ஆய்வு வந்தது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவங்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவு. வேலையில் கடுமையா உடல் உழைப்பு இருந்தவங்களுக்கு அது அதிகம். புகை, வருமானம், படிப்பு எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான் இருந்தது.

ஏன்? கண்டக்டர் ஓடி ஏறுவார், அப்புறம் நிற்பார், மறுபடி ஏறுவார். அசைவு மாறிக்கிட்டே இருக்கும். மெஷின் முன்னாடி நிக்கிறவருக்கு அசைவு மாறுறதே இல்ல. ஒரே இடம், ஒரே கை, ஒரே தோள். இதயத் துடிப்பு கொஞ்சம் ஏறும், ஆனா இதயம் பலப்படுற அளவுக்கு ஏறாது. மணிக்கணக்கா அப்படியே நிக்கும். காலில் ரத்தம் தேங்கும். பாரம் தூக்கும்போது பி.பி. ஏறும். போதுமான ஓய்வு கிடையாது. ஆய்வாளர்கள் சொல்ற விளக்கம் இதுதான்.

அதனால நின்ன களைப்பு வேற, பயிற்சி வேற. களைப்பு மட்டும் உங்களுக்குக் கிடைச்சிருக்கு. பலன் இன்னும் கிடைக்கல.

வீட்டு வேலைக்கும் கிட்டத்தட்ட இதே கதை. "வீட்டு வேலையே போதும், அவளுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்று சொல்ற கணவர்களுக்கு ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட 2024 மதிப்பீட்டின்படி இந்தியாவில் பெரியவங்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடல் இயக்கம் போதல. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். நாள் முழுக்க வேலை செய்றவங்கதான் இந்தக் கணக்கில் மோசமா இருக்காங்க. யோசிங்க.

சரி, வெட்கத்துக்கு வருவோம். பலரை நிஜமா நிறுத்தி வைக்கிறது இதுதான்.

தொப்பையோட டிரட்மில்லில் ஏறினா எல்லாரும் பார்ப்பாங்க. டம்பெல் எப்படிப் பிடிக்கிறதுன்னு தெரியாது. பக்கத்துல ஒரு பையன் டைட் பனியன் போட்டுக்கிட்டு செல்ஃபி எடுப்பான். "கொஞ்சம் வெயிட் குறைச்சுட்டு அப்புறம் ஜிம்மில் சேர்றேன்"னு சொல்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன். குளிச்சுட்டு ஆத்துக்குப் போறேன்னு சொல்ற மாதிரி!

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது, 2000-ல் வெளியானது. மாணவர்களுக்குச் சங்கடமான ஒரு படம் போட்ட டி-ஷர்ட்டைப் போட்டு, மத்தவங்க இருக்கிற ரூமுக்குள்ள அனுப்பினாங்க. "எத்தனை பேர் கவனிச்சிருப்பாங்க?"ன்னு கேட்டா, கிட்டத்தட்ட பாதிப் பேர்னு சொன்னாங்க. உண்மையில் கவனிச்சது நாலில் ஒருத்தர் அளவுதான். நம்மைப் பத்தி மத்தவங்க யோசிக்கிற நேரம் நாம நினைக்கிறதைவிட ரொம்பக் கம்மி.

ஆனா இதைச் சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். கார்னெல் வேற, நம்ம ஊர் வேற. சின்ன ஊர்ல பார்ப்பாங்க. கேட்கவும் செய்வாங்க. "என்னக்கா, வாக்கிங்கா? சுகர் வந்துடுச்சா?" என்று தெருவில் நிக்க வெச்சுக் கேட்பாங்க. அதுவும் பெண்கள் ட்ராக் பேன்ட் போட்டுக்கிட்டு வெளியே வந்தா கேட்கவே வேணாம். அவங்களோட சங்கடம் கற்பனை கிடையாது. "தைரியமா போங்க"ன்னு நான் இங்கிருந்து எழுதுறது சுலபம். அந்தத் தெருவில் நடக்கப் போறது நான் இல்லையே.

அதனால என்னோட கருத்து நேரானது. ஜிம்முக்குப் போகணும்னு கட்டாயமே இல்ல. போக ஆசை இருந்தா போங்க. வெட்கம் தடுத்தா வீட்டில் இருந்தே ஆரம்பிங்க. உங்க தசைக்கு ஏ.சி. ஜிம் எது, மொட்டை மாடி எதுன்னு தெரியாது.

எவ்வளவு செய்யணும்? வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான இயக்கம், இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் சொல்றது இதுதான். "ஒரே மூச்சில் 10 நிமிஷமாவது செய்தால்தான் கணக்கில் வரும்" என்று முன்னாடி ஒரு விதி இருந்தது. 2020-ல் அதை எடுத்துட்டாங்க. இது பலருக்குத் தெரியாது. இரண்டு நிமிஷமும் கணக்குதான்.

2022-ல் நேச்சர் மெடிசினில் ஒரு ஆய்வு. பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்யாத சுமார் 25,000 பேருக்குக் கையில் கருவி கட்டிப் பார்த்தாங்க. அன்றாட வேலைக்கு நடுவுல ஓரிரு நிமிஷம் மூச்சு வாங்குற மாதிரி வேகமா இயங்குறது, ஒரு நாளைக்கு மூணு தடவை. அப்படி இருந்தவங்களுக்கு மரண ஆபத்து 40 சதவீதம் வரை குறைவா இருந்தது. இது கவனிப்பு ஆய்வு, மாத்திரை மாதிரி நிரூபணம் இல்ல. ஆனா செலவு ஒண்ணும் இல்லையே.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுறீங்க பாருங்க, அதை விட்டுட்டு நடைமேம்பாலத்தில் வேகமா ஏறுங்க. ஒரு தடவை ஆச்சு. உயிரும் இரண்டு விதத்தில் மிச்சம்.

ராத்திரி சாப்பிட்டதும் மொபைலை எடுத்துப் படுக்காம 10, 15 நிமிஷம் நடங்க. சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுற சர்க்கரை இதில் நல்லா குறையும், ஏன்னா அசையுற தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே குளுக்கோஸை உள்ள இழுத்துக்கும். ஹைவேயில் மட்டும் நடக்காதீங்க. சென்னை-கொல்கத்தா ரோட்டில் ராத்திரி லாரி வர்ற வேகம் உங்களுக்கே தெரியும். மாடி, உள் தெரு, வீட்டு வாசல் எதுவும் பரவாயில்ல.

தசைப் பயிற்சியைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. முப்பது வயசுக்கு மேல தசை மெதுவா குறைய ஆரம்பிக்கும். சாப்பிடுற சோற்றோட சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேர்ற இடமே தசைதான். கிடங்கு சின்னதானா சரக்கு ரத்தத்தில் நிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

பிளாஸ்டிக் சேர் வழுக்கும், அதை ஒரு சுவரோரம் முட்டுக் கொடுத்துப் போடுங்க. கையை ஊணாம உட்கார்ந்து எழுந்திருங்க, பத்துத் தடவை. சுவரில் கை வெச்சு தண்டால் மாதிரி பத்து. ஒரு பையில் ஐந்து கிலோ அரிசியை வெச்சு, முதுகு வளையாம தூக்கி இறக்கு பத்து. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு மறுபடி ஒரு சுற்று. மொத்தம் பத்து நிமிஷம். கதவைச் சாத்திக்கலாம். யார் பார்க்கப் போறா? இரண்டு மாசம் கழிச்சு சுவர் சுலபமாயிடும், அப்ப கட்டிலுக்கு இறங்குங்க, அப்புறம் தரைக்கு.

நைட் ஷிப்ட் வாரத்தில் தூக்கம் கெட்டா இதைப் பாதியாக் குறைச்சுக்கோங்க. தூக்கத்தைத் திருடிப் பயிற்சி செய்ய வேணாம்.

ஜிம் நடத்துற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. புதுசா வர்றவரோட எடையை எல்லார் முன்னாடியும் சத்தமா படிக்காதீங்க. கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தைப் புதியவங்களுக்கும், ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கு மட்டும்னும் ஒதுக்குங்க. உங்களுக்கும் காலி நேரத்தில் வருமானம்தான். மூணு மாசத்தில் உடம்பு ஏத்துறேன்னு ஊசி, பேர் தெரியாத பவுடர் விக்கிறது வேண்டவே வேண்டாம். அதோட விளைவை லிவர், கிட்னி ரிப்போர்ட்டில் பார்க்கிறது நாங்க.

அப்புறம் பொது இடம். 2016-ல் ஊராட்சிகளுக்கு அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் அறிவிச்சாங்க. 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினாங்க. எந்த ஆட்சி கொண்டுவந்தாலும் நல்ல திட்டம் நல்ல திட்டம்தான். ஆனா மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால் ஆரம்பாக்கத்துக்காரருக்கு அதனால என்ன பயன்? அதுக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் நடக்கணும்.

நமக்கு வேணும்கிறது சின்னது. ராத்திரி 8-ல இருந்து 9 வரை பள்ளி மைதானத்தில் இரண்டு லைட் எரியணும், கேட் திறந்திருக்கணும். உங்க ஊரில் உடற்பயிற்சிக் கூடம் பூட்டிக் கிடந்தா சாவி யார்கிட்டன்னு கிராம சபையில் கேளுங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாமே கிராம சபை நாள். நாலு பெண்கள் சேர்ந்து போய்க் கேட்டா பதில் சொல்லாம இருக்க முடியாது.

இந்தப் பதிவைப் படிச்சுட்டு நாளைக்கே ஆரம்பிக்கக் கூடாதவங்களும் இருக்காங்க. நடந்தா நெஞ்சு இறுக்கம் வர்றவங்க, படி ஏறினா தலை சுத்துறவங்க, ஏற்கனவே இதயப் பிரச்சினை உள்ளவங்க முதல்ல டாக்டரைப் பாருங்க. பி.பி., சுகர் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமா பார்த்துக்கோங்க. இன்சுலினோ, கிளிமிபிரைட் மாதிரி மாத்திரையோ எடுக்கிறவங்க வெறும் வயிற்றில் பயிற்சி செய்யாதீங்க, சர்க்கரை திடீர்னு இறங்கும். பாக்கெட்டில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.