தொலைந்த நகையும் வேலைக்காரப் பெண்ணின் மானமும்



திருக்கோவிலூரில் எங்கள் தெருவில் சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. உறவினர் ஒருவர் வீட்டில் மூன்று பவுன் சங்கிலி காணாமற் போயிற்று. பாத்திரம் துலக்க வந்துபோன பெண்ணின் மீது சந்தேகம். காவல் நிலையத்திற்குச் செல்லவில்லை. அதைவிடக் கொடிய ஒன்றைச் செய்தார்கள். மை போட்டுப் பார்க்கும் ஒருவரிடம் போனார்கள். கறுத்த நிறமுடைய, வீட்டிற்கு வந்துபோகின்ற பெண் என்று அவர் சொல்லி அனுப்பினார். அந்தப் பெண்ணை முற்றத்தில் நிறுத்தி முந்தானையை உதறச் சொன்னார்கள். அழுதுகொண்டே போனவர், அதன்பின் எங்கள் தெருப் பக்கம் வரவேயில்லை.

நான்கு மாதங்கள் கழித்து எருக்குழியை வெட்டி வண்டியில் ஏற்றியபோது, சங்கிலி மண்வெட்டியில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தது. இடுப்பிலிருந்த குழந்தை பிடித்து இழுத்ததில் கொக்கி விட்டு, குப்பையோடு குழிக்குப் போயிருக்கின்றது. கிடைத்த மகிழ்ச்சியில் பாயசம் காய்ச்சி அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்க ஒருவரும் போகவில்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது. நானாவது போயிருக்கலாம், பாயசம்தான் குடித்தேன்.

மெட்டல் டிடெக்டர் என்னும் கருவியை மண்டப வாயிலிலும் இரயில் நிலையத்திலும் சோதனைக்காக நிற்கும் ஒன்றாகவே நாம் அறிந்திருக்கிறோம். மேலை நாடுகளில் இதைக் கையில் ஏந்தி, கடற்கரை மணலிலும் வயலிலும் பிறர் தொலைத்த மோதிரங்களைத் தேடிக் கொடுப்பதையே ஒரு சேவையாகச் செய்வோர் உள்ளனர். நம் ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்திலும் இப்படி ஒரு கருவி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பொன் திரும்பக் கிடைப்பது இதில் இரண்டாவது பயன்தான். ஒரு வீட்டில் நகை தொலைந்த முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் நாவுகள் கட்டவிழ்கின்றன. அந்த நாட்களில் நம் கைகளுக்குத் தேடுவதற்கு ஒரு வழி இருந்தால், நாவுக்கு வேலை குறையும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள ஒரு செய்தியை நம்மில் பலர் கேட்டிருப்போம். அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட கறுப்பினப் பெண் ஒருவர், தம்மை விடுவித்த குலத்தாருடனேயே வாழ்ந்து வந்தார். ஒருநாள் அக்குலத்துச் சிறுமி அணிந்திருந்த சிவந்த தோல் பட்டை ஒன்று கழன்று விழுந்தது. இறைச்சி என்று கருதிப் பருந்து ஒன்று அதைத் தூக்கிச் சென்றது. பழி அந்தப் பெண்ணின் மீது விழுந்தது. அவருடைய உடலில் மறைவிடத்தையும் விடாமல் சோதித்தார்கள். அவர்கள் நடுவே அவர் நின்றுகொண்டிருந்தபோதே, பருந்து திரும்பி வந்து பட்டையை அங்கேயே போட்டுவிட்டுப் பறந்தது. அவர் அந்த மக்களை விட்டு நீங்கி, நபி (ஸல்) அவர்களிடம் வந்து இஸ்லாத்தை ஏற்றார். மஸ்ஜிதுன் நபவியில் அவருக்கென ஒரு சிறு கூடாரம் இருந்தது. அன்னை ஆயிஷாவிடம் வந்து அமரும்போதெல்லாம் அந்த நாளைப் பற்றிச் சொல்லாமல் அவர் எழுந்ததில்லை. பட்டை அன்றே கிடைத்துவிட்டது. ஆனால் அவர் அதை மறக்கவில்லை. எங்கள் தெருவுக்குப் பருந்து வரவும் இல்லை.

அன்னையவர்களுக்கே நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். பனூ முஸ்தலிக் போர்ப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், தொலைந்த கழுத்துமாலையைத் தேடி அவர்கள் பின்தங்கினார்கள். அதைக் கொண்டே நயவஞ்சகர்கள் அவதூறு பரப்பினார்கள். சுமார் ஒரு மாதம் மதீனா அதைப் பேசிக்கொண்டிருந்தது. பின்னர் அன்னூர் அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கி அவர்களின் தூய்மையை உறுதி செய்தன. ஒரு மணிமாலை தொலைந்ததில் தொடங்கி, ஒரு சமூகமே தடுமாறியது. நகை தொலைந்த வீட்டில் நாவைக் காப்பது எத்துணைப் பெரிய கடமை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

'போனது போகட்டும், நசீபில் இல்லை. இதற்கு ஒரு இயந்திரமா?' என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. இன்னொரு பயணத்தில் அன்னையவர்களின் மாலை தொலைந்தபோது, தண்ணீர் இல்லாத இடத்தில் நபி (ஸல்) அவர்கள் படையையே நிறுத்தித் தேடச் செய்தார்கள். தயம்முமின் சட்டம் அருளப்பட்டது அந்த நேரத்தில்தான். மாலை, அன்னையவர்கள் ஏறிவந்த ஒட்டகத்தின் அடியில் இருந்தது. இழந்ததைத் தேடுவது பேராசை அன்று.

ஆனால் எதைக் கொண்டு தேடுவது? மை, பால்கிதாபு, வெற்றிலை, கயிறு என்று நம் ஊர்களில் இன்றும் ஓடுகிறார்கள். தொழுகையாளிகளும் ஓடுகிறார்கள் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். குறி சொல்பவனிடம் சென்று கேட்டவரின் தொழுகை நாற்பது நாட்கள் ஏற்கப்படாது என்னும் எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அங்கே வரும் 'அர்ராஃப்' என்ற சொல்லை விளக்கும்போது, திருட்டுப் போனதும் தொலைந்ததும் இருக்கும் இடத்தை அறிவதாகச் சொல்லிக்கொள்பவன் என்றே அறிஞர்கள் பொருள் கூறியுள்ளனர். அவன் இடத்தைச் சொல்வதில்லை, ஆளைச் சொல்கிறான் என்பதுதான் கொடுமை. கருவியோ எந்த ஆளையும் சுட்டுவதில்லை. இடத்தை மட்டுமே சுட்டுகின்றது.

அது இயங்கும் முறையில் மறைபொருள் ஏதும் இல்லை. தட்டுப் போன்ற வளையத்தினுள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகி மண்ணுக்குள் இறங்குகின்றது. அங்கே உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் எழுந்து, அதன் எதிரொலி கருவியில் ஒலியாகக் கேட்கின்றது. இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முழு வளையமாகிய மோதிரமும் வளையலும் எளிதில் அகப்படும். மெல்லிய சங்கிலி அப்படியன்று. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு துண்டாகவே கருவிக்குத் தெரிவதால், பல வேளைகளில் கொக்கி மட்டுமே ஒலி தரும். சாதாரணக் கருவி சுமார் ஒரு சாண் ஆழத்துக்குத்தான் நம்பத்தக்கது. கான்கிரீட் தரையில் உள்ளிருக்கும் கம்பி குழப்பும். கருமணல் படிந்த ஆற்றுப் படுகையில் பொய் ஒலிகள் கேட்கும். 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைக் கண்டறிய, தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல் இத்தகைய கருவியோடு சென்றார், குண்டு அகப்படவில்லை. கட்டிலில் இருந்த உலோகச் சுருள்கள் அவரைக் குழப்பின என்று சொல்வர். ஆகவே, கடைசியாக எங்கே கழற்றினோம், எங்கே குனிந்தோம் என்று நிதானமாக நினைவுபடுத்திச் சொல்லும் வீட்டுப் பெண்ணின் வார்த்தைதான் முதல் கருவி. அவரைத் திட்டி அழவைத்துவிட்டால் அதுவும் பழுதாகிவிடும்.

எங்கள் ஊரைப் பொறுத்தவரை தேவை கற்பனையன்று. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் தென்பெண்ணை மணலில் எல்லாச் சமயத்தாரும் திரள்கின்றனர். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணை நீர் திறக்கப்பட்டபோது, ஆற்றங்கரை வீடுகளில் வெள்ளமும் சேறும் புகுந்தன. சேற்றில் பீரோ கவிழ்ந்த வீட்டாருக்கு அப்படி ஒரு கருவி எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

தேடும்போது பிறர் பொருள் அகப்பட்டால் என்ன செய்வது? லுக்தாவின் சட்டம் தெளிவானது. பையையும் அதன் கட்டையும் அடையாளம் கண்டுவைத்து, ஓராண்டு அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அடையாளத்தை உரியவர் சொல்ல வேண்டும். நாம் முந்திச் சொல்லிவிடக் கூடாது. கிடைத்த கம்மலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் நல்லெண்ணத் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். தொழும் இடத்திற்குள் நின்று தொலைந்ததைக் கூவித் தேடுவதையும் நபியவர்கள் வெறுத்தார்கள். வாயிலிலும் கடைவீதியிலும் அறிவித்தால் போதும். நாட்டுச் சட்டமும் இதற்கு முரணன்று. கண்டெடுத்த பொருளைத் தம் பொறுப்பில் எடுத்தவர் அதைப் பேணிக் காக்கும் கடமையுடையவர் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கின்றது. உரியவர் இன்னார் என்று தெரிந்தும் தனதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவின்படி குற்றம்.

இடையில் ஒன்று. திருக்கோவிலூர்ப் பகுதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சங்க கால மலையமான் நாணயங்களை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டுள்ளார். எங்கள் மண்ணில் கருவியை வைத்தால் அத்தகையதும் ஒலிக்கக்கூடும். மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடத்தில் அனுமதியின்றித் தோண்டவே கூடாது. புதையல் ஆசைக்கு இந்தக் கருவியை இரவல் கேட்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

கூலியைத் தேடும் முன்பே பேசிவிடுவது நல்லது. யூசுஃப் அத்தியாயத்தில் அரசனின் குவளையைக் கொண்டுவருபவருக்கு ஒட்டகச் சுமை தானியம் அறிவிக்கப்படுகின்றது. ஷாஃபிஈ மத்ஹபில் 'ஜுஆலா' என்று இதற்குத் தனிப் பாடமே உண்டு. பைத்துல் மாலிலிருந்து சில ஆயிரம் ரூபாயில் வாங்கிய கருவியென்றால், கூலியே இல்லாமல் எச்சமயத்தாருக்கும் செய்து கொடுக்கலாம்.

உஸ்மான் (ரலி) அவர்களின் கையிலிருந்து நபி (ஸல்) அவர்களின் மோதிரம் அரீஸ் கிணற்றில் விழுந்தபோது, நீரை இறைத்து மூன்று நாட்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை. நமக்கும் சில நேரம் அப்படித்தான் முடியும்.

2024 ஜூலையில் சென்னையில், தவறுதலாகக் குப்பைக்குப் போய்விட்ட சுமார் 5 லட்சம் ரூபாய் வைர நெக்லஸைத் தூய்மைப் பணியாளர்கள் குப்பையைக் கிளறி எடுத்து உரியவரிடம் கொடுத்தார்கள். நகை தொலைந்தால் நம் வீடுகளில் முதலில் யாரைச் சந்தேகிக்கிறோமோ, அத்தகைய உழைக்கும் எளியவர்கள் அவர்கள்.

கருவியை இரவல் தரும் ஜமாஅத் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். பெயர், தேதி, தொலைந்த பொருள் ஆகியவற்றோடு, எவர் மீதாவது சந்தேகம் பேசப்பட்டதா என்று ஒரு கட்டமும் அதில் இருக்கட்டும். பேசப்பட்டிருந்து, பொருளும் கிடைத்துவிட்டால், வீட்டுக்காரர் ஜமாஅத்தில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அந்த மனிதரின் வீட்டிற்குச் சென்றுவர வேண்டும். அதன்பிறகு பாயசம் காய்ச்சலாம்.