மேகத்தில் நிரல், கையில் கறுப்புத் திரை

கோவிலம்பாக்கத்தில் நாலு பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒரு பொறியியல் மாணவரின் மேஜையைக் கற்பனை செய்து பாருங்கள். 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. அதற்கு இணையம் கொடுப்பது பக்கத்தில் சார்ஜில் கிடக்கும் கைப்பேசி. பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே மின்விசிறி அலற ஆரம்பித்துவிடும். இந்தக் கணினியில் டேட்டாபேஸ், சர்வர், எடிட்டர் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டி இறுதியாண்டு புராஜெக்ட் செய் என்றால் அவர் என்னதான் செய்வார், பாவம்?

இவருக்காகவே வந்தது போல இருக்கிறது மேகக் கணிமை. கிட்ஹப் நிறுவனம் 2020ல் அறிமுகப்படுத்திய கோட்ஸ்பேசஸ் வசதி, 2022 நவம்பரில் தனிநபர் கணக்குகளுக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இரண்டு கோர் உள்ள லினக்ஸ் இயந்திரம் ஒன்று, மாதம் 60 மணி நேரம், காசில்லாமல். கூகுளின் கிளவுட் ஷெல்லும் இதே போலத்தான், வாரத்துக்கு 50 மணி நேரம். கடல் கடந்து எங்கோ இருக்கும் கணினியில் வேலை நடக்கும், நம் பழைய மடிக்கணினி வெறும் சன்னல்தான்.

நல்ல விஷயம். ஆனால் இந்த வசதியை மாணவர்கள் பயன்படுத்தும் விதம்தான் சரியில்லை!

பல மாணவர்களின் கிட்ஹப் பக்கத்தைத் திறந்தால் ஒரே வாசகம்தான் வரிசையாகத் தெரியும்: "ஆட் ஃபைல்ஸ் வயா அப்லோட்". மவுஸால் கோப்புகளை இழுத்துப் போட்டால் கிட்ஹப் தானாகவே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. எந்த மாற்றம் எதற்காகச் செய்யப்பட்டது, குழுவில் யார் செய்தது, நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை... எதற்கும் அதில் பதில் இருக்காது. 2005 ஏப்ரலில், பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச உரிமம் பறிபோனதும், லினக்ஸ் கெர்னலின் வரலாறு தொலைந்துவிடக் கூடாதே என்று லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து எழுதியது கிட். அதைக் கொண்டுவந்து பென்டிரைவ் போலப் பயன்படுத்துவது, அம்மிக்கல்லைப் பேப்பர் பறக்காமல் வைக்கப் பயன்படுத்துவது மாதிரி. இழுத்துப் போடுவதிலும் எல்லை உண்டு. பிரவுசர் வழியே 25 எம்பிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்ற முடியாது, கட்டளை வழியே 100 எம்பி வரை போகும்.

கட்டளை வரி என்றதும் பயப்படுகிறவர்கள் அதிகம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, சினிமாவில் ஹேக்கர் தட்டுவது :-) என்றுதான் பலருக்கும் மனப்பதிவு. உண்மையில் ஏழை இணைப்புக்கு ஏற்றது அதுதான். பிரவுசர் எடிட்டரைத் திறந்தால் அது முதலில் தன்னையே இறக்கிக்கொள்ள வேண்டும். டெர்மினல் வழியே 'ஜிஎச் கோட்ஸ்பேஸ் எஸ்எஸ்எச்' என்று உள்ளே போனால் அங்கும் இங்கும் ஓடுவது எழுத்துகள் மட்டுமே. சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் வேலை நடக்கும். டிமக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நடுவில் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலேயே திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடத்துக்காகத் தோண்டிய சாலையின் ஓரம் குடியிருப்பவர்களுக்கு இணைப்பு அறுவதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மேக வேலையிடம் என்பது லாட்ஜ் அறை, சொந்த வீடு அல்ல. அரை மணி நேரம் சும்மா இருந்தால் கோட்ஸ்பேஸ் தானாக அணைந்துவிடும். அணைந்து கிடக்கும் அறையை 30 நாள் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால், நாமாக மாற்றி வைத்திருந்தாலொழிய, உள்ளே இருப்பதோடு சேர்த்து அழித்துவிடுவார்கள். கிளவுட் ஷெல்லில் ஹோம் அடைவில் உள்ள 5 ஜிபி மட்டும்தான் தங்கும், அதற்கு வெளியே நிறுவியதெல்லாம் அந்த அமர்வோடு போச்சு. 120 நாள் தொடாமல் விட்டால் அந்த 5 ஜிபியும் போகும். செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் மாணவருக்கு 30 நாள் என்பது எவ்வளவு சின்னக் கணக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'கிட் கமிட்' கொடுத்தாயிற்று, பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கமிட் என்பது அந்த அறைக்குள்ளேயே பெட்டியில் பூட்டி வைப்பதுதான். அறையை இடித்தால் பெட்டியும் சேர்ந்து போகும். 'கிட் ஸ்டாஷ்' போட்டதும் அப்படியே. 'கிட் புஷ்' கொடுத்தால்தான் பொருள் வெளியே வந்து சேரும். கிளம்புமுன் 'கிட் ஸ்டேட்டஸ்' கேட்டால், இந்தக் கிளை இத்தனை கமிட் முன்னால் நிற்கிறது, இன்னும் அனுப்பவில்லை என்று அதுவே சொல்லிவிடும். பொத்தானை மட்டும் அமுக்கிப் பழகியவர் கண்ணுக்கு இந்த வித்தியாசம் படுவதேயில்லை.

கணக்கு வழக்கும் அப்படித்தான். டேபை மூடிவிட்டால் இயந்திரம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த அரை மணி நேரம் முடியும்வரை மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 'ஜிஎச் கோட்ஸ்பேஸ் லிஸ்ட்' கொடுத்தால் என்னென்ன திறந்து கிடக்கிறது என்று வரிசையாக வரும். வேண்டியதை 'ஸ்டாப்' செய்யலாம், வேண்டாததை 'டிலீட்' செய்யலாம். அனுப்பாத மாற்றம் உள்ளே இருந்தால் அழிக்குமுன் ஒரு தடவை கேட்கும். நிறுத்தி வைத்த அறைக்கும் சேமிப்பிட வாடகை உண்டு, மாதம் 15 ஜிபிதான் இலவசம். நாலு பழைய புராஜெக்ட்டை மறந்து விட்டால் அதுவே நிரம்பிவிடும்.

"எல்லாம் கிட்ஹப்பில் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பவர்கள் 2014 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். அந்த மாதம் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 32 தளங்களை முடக்கச் சொன்ன பட்டியலில் கிட்ஹப்பும் இருந்தது. சில நாட்களில் தடை நீங்கிவிட்டது என்றாலும், மறுநாள் புராஜெக்ட் ஒப்படைக்க வேண்டியவருக்கு அந்தச் சில நாட்கள் போதாதா? அடுத்த வருடம் டிசம்பரில் வெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு டிசம்பர் என்றாலே கொஞ்சம் உதறல்தான். மின்சாரம் இல்லாத ஊரில் மேகம் எத்தனை உயரத்தில் இருந்து என்ன பயன்?

கிட் இதற்கும் வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு குளோனும் முழு வரலாற்றோடு வருவதால், எந்த நிறுவனத்தின் தயவும் கட்டாயமில்லை. 'கிட் ரிமோட் ஆட்' போட்டு கிட்லேப் போன்ற இன்னொரு இடத்துக்கும் அதே நிரலை அனுப்பலாம். 'கிட் பண்டில்' கொடுத்தால் மொத்தக் களஞ்சியமும் ஒரே கோப்பாகிப் பென்டிரைவில் ஏறிவிடும். இரண்டுமே கட்டளை வரியில் ஓரிரு வரி வேலை.

இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களே டெர்மினலில் கட்டளை தட்டித் தருகின்றனவே, நாம் எதற்குக் கற்க வேண்டும் என்பது புதிய வாதம். அதனால்தான் கற்க வேண்டும்! 'கிட் ரீசெட் ஹார்ட்' என்று அது எழுதிவிட்டு அனுமதி கேட்கும்போது, கமிட் செய்யாத மாற்றமெல்லாம் காலி என்பது தெரியாமல் சரி என்று தட்டுகிறவர் கதி என்ன? 'புஷ் ஃபோர்ஸ்' என்றால் கூட்டாளியின் வேலையும் மேலிருந்து அழியலாம். ஓட்டுநர் வைத்துக்கொண்டாலும் பிரேக் எது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

கல்லூரிகளும் கொஞ்சம் மாற வேண்டும். ஸ்பைரல் பைண்டிங் செய்த ரிப்போர்ட்டுக்கும் சிடிக்கும் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை 'கிட் லாக்' காட்டும் வரலாற்றுக்குக் கொடுத்தால், நாலு பேர் குழுவில் ஒருவரே உழைத்து மூவர் பெயர் மட்டும் போட்டுக்கொள்ளும் வழக்கம் தானாகக் குறையும். அடுத்தவர் பெயரில் கமிட் போட்டு ஏமாற்ற முடியாதா என்றால், முடியும்தான். இருந்தாலும் நாலு மாதம் தினமும் ஏமாற்றுவது உழைப்பதைவிடக் கஷ்டம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தகவல். 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் தமிழ்ப் பெயர் 340, 256 என்று எண்களாகச் சிதறித் தெரியும், கோப்பு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். 'கோர் டாட் கோட்பாத்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றினால் தமிழ் தமிழாகவே தெரியும். பழகிப் பார்க்க நல்ல இடம் வேண்டுமென்றால் தமிழுக்கான பைத்தான் நிரலகமான 'ஓப்பன் தமிழ்' கிட்ஹப்பிலேயே இருக்கிறது. 'ஜிஎச் ரெப்போ ஃபோர்க்' போட்டு, அதன் மேல் ஒரு கோட்ஸ்பேஸ் திறந்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்ப அரை மணி நேரம் போதும். வேலை முடிந்ததும் 'ஸ்டாப்' கொடுக்க மறக்க வேண்டாம்.