அடிமைகளின் பிள்ளைகள் என்று சொல்லிப் பழகுவது

தன் முன்னோர் அரசாண்டார்கள் என்று குழந்தைக்குச் சொல்லித்தராத சமூகங்கள் குறைவு. தன் முன்னோர் அடிமைகளாகக் கிடந்தார்கள் என்று ஆண்டுதோறும் உட்காரவைத்துச் சொல்லித்தரும் சமூகங்கள் அதைவிடக் குறைவு. யூதர்கள் அதைச் செய்கிறார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரும் பாஸ்கா பண்டிகை அதற்கானது.

அமெரிக்காவில் பொதுப் பாடங்களோடு எபிரேயமும் தோராவும் கற்பிக்கும் யூத முழுநேரப் பள்ளிகள் இருக்கின்றன. பாஸ்காவுக்கு முந்தைய வாரங்களில் அங்கே ‘மாதிரி செடர்’ நடக்கும். செடர் என்பது பாஸ்கா இரவின் சடங்கு விருந்து. அந்த இரவில் படிக்கும் நூலின் பெயர் ஹகாதா. ‘எடுத்துச் சொல்வது’ என்று பொருள். கதை விவிலியத்தின் ‘விடுதலைப் பயணம்’ நூலில் உள்ளதுதான். எகிப்தில் செங்கல் அறுத்த எபிரேய அடிமைகள் மோசேயின் பின்னால் வெளியேறிய கதை.

பிள்ளைகளிடம் பிறர் துயரை உணரும் மனத்தை வளர்க்க இந்தப் பண்டிகையைப் பல ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள். சமத்துவத்தைப் பள்ளியில் எப்படிச் சொல்லித்தருவது என்று யோசிக்கும் நாம் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். எடுத்துக்கொள்ளவும் எச்சரிக்கையாக இருக்கவும் இதில் விஷயம் உண்டு.

முதலில் முறையைப் பார்ப்போம். இங்கே பாடம் நாக்கின் வழியே போகிறது. கசப்புக் கீரை அடிமை வாழ்வின் கசப்பு. உப்புநீர் கண்ணீர். பழமும் கொட்டைப் பருப்பும் அரைத்த கலவை செங்கல் சுவரின் சாந்து. புளிக்காத மாவில் சுட்ட அப்பம், மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் ஓடியவர்களின் உணவு. ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும்.

இரண்டாவது, கேள்வி. மற்ற இரவுகளைப் போல இந்த இரவு ஏன் இல்லை என்று வீட்டின் கடைசிக் குழந்தை கேட்க வேண்டும். கேட்ட பிறகே பெரியவர்கள் கதைக்குள் போகிறார்கள். குழந்தை கேள்வி கேட்பதை வாயாடித்தனம் என்று அடக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது: யார் கதையாகச் சொல்கிறோம் என்பது. ஒவ்வொரு தலைமுறையினரும் எகிப்திலிருந்து தாமே வெளியேறி வந்ததாகக் கருத வேண்டும் என்பது விதி. ஹகாதாவில் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் கெட்டவன். இந்தச் சடங்கு ‘உங்களுக்கு’ என்ன என்று கேட்டதுதான் அவன் குற்றம். அந்தத் துயரத்திலிருந்து தன்னைக் கழித்துக்கொண்டான்.

இன்னொரு சடங்கும் உண்டு. எகிப்தின்மேல் வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுத் திராட்சை மதுவைக் கோப்பையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எகிப்தியரும் செத்தார்கள், ஆகவே நம் மகிழ்ச்சி முழுதாக இருக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. அதே பண்டிகைக்குப் பிள்ளைகள் விளையாட பிளாஸ்டிக் தவளை, வெட்டுக்கிளி அடங்கிய ‘வாதைப் பை’களும் கடையில் கிடைக்கின்றன. எதைக் கையில் கொடுக்கிறோம் என்பதிலேயே பாடம் மாறிவிடும்.

மிக முக்கியமாக, இது உணர்ச்சியோடு முடிகிற பாடம் இல்லை. நீங்கள் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள், ஆகவே அந்நியரை ஒடுக்காதீர்கள் என்று தோரா திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்நியரை வருத்தக் கூடாதென்ற எச்சரிக்கை 36 இடங்களில் வருவதாகத் தால்முத் கணக்கிடுகிறது. அறுவடையில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது, நீ அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள் என்கிறது இணைச்சட்டம். இங்கே நினைவு ஒரு கடமையாக மாறுகிறது.

இவ்வளவும் சரி. அடிமையாக இருந்ததை ஆண்டுதோறும் சொல்பவர்கள் பிறரை அடிமைப்படுத்தாமல் இருந்தார்களா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1861 ஜனவரியில் நியூயார்க்கின் ரபி மோரிஸ் ரஃபால், அடிமைமுறையைப் பாவம் என்று சொல்ல வேதத்தில் இடமில்லை என்று பிரசங்கம் செய்தார். தென் மாநிலங்களில் அடிமைகள் நடத்தப்படும் விதத்தை அவர் குறை சொன்னார். முறையைக் குறை சொல்லவில்லை. அவர் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. பிற இனத்தாரை அடிமைகளாக வாங்கலாம் என்று லேவியர் நூலில் இருக்கிறது. பால்டிமோரின் ரபி டேவிட் ஐன்ஹார்ன் அவரைக் கடுமையாக மறுத்தார். அடிமைமுறை ஆதரவுக் கும்பலின் மிரட்டலால் அதே ஆண்டு ஏப்ரலில் ஊரைவிட்டே போக நேர்ந்தது. இருவர் வீட்டிலும் பாஸ்கா இரவில் படித்தது ஒரே கதை.

நமக்கு அருகில் இன்னொரு சான்று உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெபாலயம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அங்கே தரை ஓடுகளையும் சரவிளக்குகளையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தத் தரைக்கு வேறொரு கதையும் உண்டு. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களான யூதர்கள் அங்கே மற்றவர்களோடு பெஞ்சில் அமரக் கூடாது. தரையிலோ வெளியறையிலோதான் இடம். பரதேசி யூதர்களோடு மண உறவும் கிடையாது. பாஸ்கா இரவில் அடிமைகளின் பிள்ளைகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள், உண்மையான அடிமைகளின் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்தார்கள். சாதி எந்த மதத்துக்குள்ளும் புகுந்து தனக்கொரு பெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த வழித்தோன்றல்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி.சேலம் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து போராடினார். பாகுபாடு மெல்லத் தளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இன்றைக்கும் அதே கேள்விதான். பாஸ்கா நாட்களில் மேற்குக் கரைப் பாலஸ்தீனர்களின் நடமாட்டத்தை இஸ்ரேல் அரசு அடைத்து வைப்பது பல ஆண்டுகளாக வழக்கம். விடுதலைப் பண்டிகைக்காகப் பக்கத்து மக்களுக்குப் பூட்டு. 2024 ஏப்ரல் 23 அன்று, பாஸ்காவின் இரண்டாம் இரவில், காஸா போருக்கு அமெரிக்கா ஆயுதம் தருவதை எதிர்த்து நியூயார்க்கின் புரூக்ளினில் யூதர்கள் தெருவிலேயே செடர் நடத்திக் கைதானார்கள். பூட்டுகிறவர்களுக்கும் கைதாகிறவர்களுக்கும் ஒரே ஹகாதாதான். ‘நாம்’ என்ற சொல் எங்கே முடிகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே பள்ளிக்கான சோதனை இதுதான்: நமக்கு என்ன செய்தார்கள் என்பதோடு, நாம் என்ன செய்தோம், செய்கிறோம் என்பதையும் அந்தக் கடைசிக் குழந்தை கேட்க முடியுமா? காஸாவைப் பற்றிக் கேட்கும் பிள்ளையைக் கெட்ட பிள்ளையின் நாற்காலியில் உட்காரவைத்தால், கசப்புக் கீரை வெறும் கீரைதான்.

கேள்விக்கு இடம் தந்த மரபும் அவர்களிடம் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டு நிறைந்த 1969 ஏப்ரல் 4 அன்று ஆர்தர் வாஸ்கோ என்பவர் வாஷிங்டனில் ஒரு கறுப்பினத் தேவாலயத்தில் ‘விடுதலை செடர்’ நடத்தினார். யூதர்களும் கறுப்பின மக்களும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அடிமைகளைத் தப்பவைத்த ஹாரியட் டப்மனைக் கறுப்பின மக்கள் மோசே என்றே அழைத்தார்கள். அம்பேத்கரும் 1941இல் மோசேயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கதை எப்போதோ ஒரு சமூகத்தின் சொத்தாக இருப்பதைத் தாண்டிவிட்டது.

இதை நம் வகுப்பறைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் தொடக்கத்திலேயே தீண்டாமை பாவம் என்று அச்சிட்டிருக்கிறோம். அதைப் படித்த மாணவர்கள்தான் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன்படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதிக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் எனப் பல பரிந்துரைகளை 2024 ஜூனில் அளித்தது. அவை நடைமுறைக்கு வர வேண்டும். ஆனால் கயிற்றைக் கழற்றினாலும், அதைக் கட்டிய ‘ஆண்ட பரம்பரை’க் கதை வீட்டில் அப்படியே இருக்கும்.

அதற்கு மாற்றாக, தலித் குழந்தையை எழுப்பி உன் வலியைச் சொல் என்று கேட்பது கொடுமை. மாதிரி செடரில் எந்தப் பிள்ளையும் அடிமையாக எழுந்து நிற்பதில்லை, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதில்லை. எல்லோரும் அதே கீரையைத் தின்கிறார்கள். பிறர் மனம் இளகுவதற்காக ஒடுக்கப்பட்ட குழந்தை தன் காயத்தைத் திறந்துகாட்ட வேண்டியதில்லை. பேச வேண்டியது ஆதிக்கச் சாதிப் பிள்ளையின் வீடு. நம் வயலில் நட்டவர்கள் யார், அவர்களுக்கு ஏன் தனித் தம்ளர், அக்காவுக்கு ஏன் அந்த வீட்டில் மாப்பிள்ளை பார்க்க மாட்டீர்கள் என்று கேட்க வேண்டியது அந்தப் பிள்ளை.

அந்தப் பிள்ளைக்கும் விடுதலைப் பயணத்தில் ஒரு பாத்திரம் இருக்கிறது. எபிரேய ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறியச் சொன்னான் எகிப்தின் மன்னன். நாணல் கூடையில் மிதந்துவந்த குழந்தை அழுவதைக் கண்டு இரங்கியவள் அந்த மன்னனின் மகள். அது எபிரேயக் குழந்தை என்று தெரிந்தே எடுத்தாள். இரங்கியதோடு நின்றிருந்தால் மோசே இல்லை. அவள் அப்பாவின் ஆணையை மீறினாள். பிறர் துயரை உணரச் சொல்லித்தருகிறோம் என்று எந்தப் பள்ளி சொன்னாலும், சொந்த வீட்டின் சாதிக் கட்டளையை மீறும் இந்தத் துணிவையும் சேர்த்துச் சொல்லித்தருகிறதா என்று கேட்போம்.