இனிமே ஏற மாட்டேன்!

"செத்தாலும் இனி இந்தக் கம்பெனி விமானத்துல ஏற மாட்டேன்" என்று சபதம் போடுவது சுலபம். அடுத்த மாதம் டிக்கெட் விலையைக் குறைத்தால் போதும், சபதம் காற்றோடு போச்சு!

2017 ஏப்ரல் 9. சிகாகோவிலிருந்து லூயிவில் போகும் யுனைடெட் விமானம். எல்லாரும் ஏறி உட்கார்ந்தாச்சு. அப்புறம் ஒரு அறிவிப்பு: எங்க ஊழியர் நாலு பேருக்கு சீட் வேணும், இறங்குங்க! 800 டாலர் தருகிறோம் என்றும் ஆள் எழவில்லை. கம்பெனியே நாலு பேரைப் பொறுக்கியது. அதில் 69 வயது டாக்டர் ஒருவர், நோயாளிகள் காத்திருப்பார்கள் என்று மறுத்தார். பாதுகாப்பு அதிகாரிகள் முகத்தில் ரத்தம் வழிய அவரைத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். (காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவருங்க அவர்!)

உலகமே கொதித்தது. அந்தக் கம்பெனி அட்டையை வெட்டிப் போட்டுப் படம் காட்டினவர்கள் பல பேர். ஆனால் அந்த வருஷமும் கம்பெனிக்கு லாபம்தான்! சிகாகோவின் பெரிய விமான நிலையத்தில் பெரும்பகுதி விமானங்கள் இரண்டே கம்பெனிகள் கையில். கடைசி பஸ்ஸிடம் கோபித்துக்கொண்டவன் கதைதான்.

என்னைக் கேட்டால், வேலை செய்தது சபதம் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர்கள் செல்போனில் எடுத்த வீடியோ. அதைக் கம்பெனியால் மறுக்க முடியவில்லை. சீட்டை விட்டுக்கொடுப்பவருக்கு 10,000 டாலர் வரை தருவதாக அதே மாதம் அறிவித்தது. ஏறி உட்கார்ந்த பயணியை இடமில்லை என்று இறக்கக் கூடாதென 2018-ல் அமெரிக்காவில் சட்டமே வந்தது.

சபதம் போட்டவர்களில் பல பேர் திரும்பவும் ஏறியிருப்பார்கள். ஏறட்டுமே! இப்ப எழுப்ப முடியாதில்ல?