விதை பிளக்கும்போது விளங்கும் சொல்

நம் பிள்ளைகள் ஏழெட்டு வயதிலேயே அரபு எழுத்துகளைக் கூட்டி ஓதத் தொடங்கிவிடுகிறார்கள். திருக்குர்ஆனை ஓதி முடிக்கும் நாளில் வீட்டில் இனிப்பு வழங்கி மகிழ்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், அது பெரும் பேறு. ஆயினும் அன்றாடம் தொழுகையில் ஓதும் சூராவிலிருந்து ஒரேயொரு சொல்லின் பொருளைக் கேட்டால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது. இதற்காக மதரஸாவைக் குறைகூறுவது நியாயமன்று. கிடைக்கும் சிறு பொழுதில் எழுத்தையும் உச்சரிப்பையும் சீர்படுத்துவதே உஸ்தாதுக்குப் பெரும்பணி. பொருளின் வாசலைத் திறக்க வேண்டிய இடம் வீடு. அதற்கு இலக்கண நூலுக்கு முன்பே முற்றமும் தொட்டிச் செடியும் கைவேலையும் உதவும் என்பதே நம் கருத்து.

திருக்குர்ஆனின் அத்தியாயப் பெயர்களைப் பாருங்கள். நஹ்ல் என்றால் தேனீ, நம்ல் எறும்பு, அன்கபூத் சிலந்தி, தீன் அத்தி, ஷம்ஸ் சூரியன். வானையும் மலையையும் ஒட்டகத்தையும் நோக்குமாறு பணிக்கும் வேதத்தின் மொழியை நான்கு சுவர்களுக்குள் மட்டுமே கற்பிப்பது ஏன்?

ஓர் எடுத்துக்காட்டு. 113ஆவது அத்தியாயமான ஃபலக் நம் பிள்ளைகள் அனைவருக்கும் மனப்பாடம். ஃபலக் என்பது வைகறையைக் குறிக்கும். அதன் வேர்ப்பொருள் பிளத்தல். வித்தையும் கொட்டையையும் பிளப்பவன் அல்லாஹ் என்று அன்ஆம் அத்தியாயத்தின் 95ஆவது வசனம் உரைப்பதும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லால்தான். ஒரு பிடி பச்சைப்பயற்றை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி வையுங்கள். தோல் பிளந்து முளை வெளிவருவதைப் பிள்ளை தன் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் கீழ்வானத்தைக் காட்டுங்கள். இருள் பிளந்து ஒளி வருகிறது. அதன்பின் அந்தச் சூராவை ஓதும் பிள்ளைக்கு அச்சொல் வெற்று ஒலியாக இராது.

பாங்கில் நாள்தோறும் ஐவேளை கேட்கும் ஃபலாஹ் என்பது வெற்றி. அதன் வேர் மண்ணைப் பிளந்து உழுவதையும் குறிக்கும்; உழவருக்கு அரபியில் ஃபல்லாஹ் என்றே பெயர். தொட்டி மண்ணைக் கிளறும் பிள்ளையிடம் இதைச் சொன்னால், உழைப்புக்கும் வெற்றிக்கும் உள்ள உறவைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இது புதுமையன்று. நபி (ஸல்) அவர்கள் தரையில் கோடுகள் வரைந்து, மனிதனையும் அவன் ஆயுளையும் எட்டாத ஆசைகளையும் விளக்கினார்கள். இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று தோழர்களிடம் வினவினார்கள். அது பேரீச்சை என்பது அச்சபையில் இளையவரான இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் தோன்றியது. நாணத்தால் அவர் வாய் திறக்கவில்லை. இரண்டும் புகாரியில் பதிவாகியுள்ளன. கண்முன் இருப்பதைக் கொண்டு சிந்திக்கத் தூண்டுவது நபிவழியே.

களிமண்ணில் எழுத்துகளை உருட்டலாம்; பேரீச்சங்கொட்டைகளை அடுக்கி ஒரு சொல்லை அமைக்கலாம்; நூலைக் கோத்துச் சிலந்தி வலை பின்னலாம். ஓர் ஒழுங்கு மட்டும் வேண்டும். இறைவசனங்களையும் அல்லாஹ்வின் திருநாமத்தையும் காலில் மிதிபடக்கூடிய பொருள்களில் எழுதலாகாது, தனிச்சொற்களே போதும்.

“எங்களுக்கே அரபி தெரியாதே” என்று பெற்றோர் தயங்குவர். நம்பத்தகுந்த ஒரு தமிழாக்கமும், ஐயம் கேட்க ஓர் ஆலிமும் இருந்தால் வாரம் ஒரு சொல்லை உம்மாவும் வாப்பாவும் பிள்ளையுடன் சேர்ந்தே கற்கலாம். ஓராண்டில் 52 சொற்கள். அவற்றால் எவரும் அரபி அறிஞராகிவிட மாட்டார். தஜ்வீதுக்கும் மனனத்துக்கும் இது மாற்றும் அன்று. ஆனால் தான் ஓதுவது தன்னோடு பேசும் வேதம் என்ற உணர்வைப் பிள்ளை இளமையிலேயே பெறும். பொருளறியாது ஓதிய தலைமுறையாகவே நம் வீடுகள் தொடர வேண்டுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

நம் சந்ததியினரின் உள்ளங்களைத் தன் வேதத்தின் பால் வல்ல அல்லாஹ் திறந்தருள்வானாக. ஆமீன்.